காற்று இழுக்கும் இடம்

ஜனவரியில் ஒரு காலை, மகளைப் பள்ளியில் விடுவதற்காக வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது அந்தச் சத்தம் முதல் தடவை கேட்டது. ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல். நேராக்கினால் குறைந்தது. மறுபடி ஒடித்தால் ஏறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முனகல் ஊளையாகியது. பின்சீட்டில் இருந்த மகள் உடனே "ஊஊஊ" என்று அதைப் பாடிக் காட்டினாள். சுருதி சரியாக இருந்தது.

வேலை போய் அன்றோடு பத்தொன்பது நாள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில். வண்டி 2008-ஆம் வருடத்து மினிவேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வயதில் எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஏதாவது ஒரு முனகல் இருக்கும். நான்கு வருடம் முன்னால் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வந்து தங்கியபோது, எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்பதற்காக இரண்டாம் கையாக வாங்கினேன். இப்போது ஓட்டம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைலைத் தாண்டிவிட்டது. வாங்கிய அன்று அப்பா ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்து, "என்னடா இது, வெண்ணெயில கத்தி போற மாதிரி போவுது" என்றார். அரசுப் பேருந்தில் இருபத்தேழு வருடம் ஓட்டுநராக இருந்தவர். பெரும்பாலான வருடங்கள் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிகள். இப்போதும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. சட்டையை மாட்டும்போது முதலில் அந்தக் கையைத்தான் நுழைப்பார்.

*

ஸ்டீயரிங் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. அது வேலை செய்தது, அவ்வளவுதான். வேலை செய்கிற எதையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை; எங்கள் தொழிலில் அதற்கு ஒரு விதியே உண்டு. சத்தம் வந்த பிறகுதான் திறந்தேன்.

பழைய வகைப் பவர் ஸ்டீயரிங் முழுக்கத் திரவத்தில் இயங்குவது. என்ஜின் சுழலும்போது ஒரு பெல்ட் சின்னப் பம்பு ஒன்றைச் சுழற்றுகிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா, அதில் எண்ணெய். பம்பு டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்தோடு கீழே இருக்கும் ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டில் ஒரு மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கல்தான் வால்வைத் திறக்கிறது. எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அதற்கேற்ற வழியில் எண்ணெய் பாய்ந்து சக்கரத்தைத் தள்ளுகிறது. வேலை முடிந்த எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பிவிடும். முழுக்க ஒடித்து நிறுத்தினால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பத்தைந்து பவுண்டு சொச்சம். ஒற்றை விரலுக்குப் பின்னால் இருந்த வெண்ணெய் இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பியர்ஸ் ஆரோ கம்பெனியின் டிரக் பிரிவில் இருந்தவர். கனமான டிரக்குகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்துதான் இந்த யோசனைக்குள் போனார். 1926-இல் வண்டியில் பொருத்தி ஓட்டியே காட்டிவிட்டார். ஆனால் விற்பனைக்கு வரும் காரில் அது ஏறியது 1951-இல், கிரைஸ்லரின் இம்பீரியல் என்கிற ஆடம்பரக் காரில். டிரக் ஓட்டுநருக்காக யோசித்தது பணக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து வருடம். அதற்கும் எத்தனையோ காலம் கழித்து, துறையூர் டிப்போவில் அப்பா வெறுங்கையால் பேருந்தை ஒடித்துக்கொண்டிருந்தார்.

*

மெக்கானிக் கடையில் ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, பம்பு போய்விட்டது, ரேக்கையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது என்றார். எழுதிக் கொடுத்த மதிப்பீடு 1480 டாலர். முகம் மாறாமல் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் வரை அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி நம் பெயரில் மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். மனைவிக்கு என்னைச் சார்ந்த விசா. வேலை பார்க்க அனுமதி இல்லை. சமையலறைக் காலண்டரில் அறுபதாவது நாளை அவள் பென்சிலால் சின்னதாக வட்டம் போட்டிருந்தாள். பேனாவால் போடவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

1480 டாலர் என்பது எங்களுக்கு ஒரு மாத வாடகையின் பெரும்பகுதி. கிளம்பத்தான் வேண்டும் என்றால் வண்டியை விற்க வேண்டும். ஊளையிடும் வண்டியை யார் வாங்குவார்கள்?

"நீயே பாக்க முடியாதா?" என்றாள் மனைவி. "எதுக்கெடுத்தாலும் டீபக் பண்றேன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பியே."

குத்திச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

*

செய்ய வேண்டிய முறை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முதலில் பிழையைத் திரும்ப வரவை. பிறகு ஒவ்வொன்றாக விலக்கு.

காலையில் குளிரில் சத்தம் அதிகம். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு குறைகிறது. நின்ற இடத்தில் ஒடித்தால் மிக அதிகம். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது. சக்கர வேகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆகவே டயரும் வீல் பேரிங்கும் இல்லை.

அடுத்து பெல்ட். தளர்ந்த பெல்ட்டும் ஒடிக்கும்போது கத்தும், ஆனால் அது கீச்சென்ற கத்தல். ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அந்தச் சத்தம் சட்டென்று மாறும். தெளித்தேன். மாறவில்லை.

அடுத்து எண்ணெய் அளவு. குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. நீண்ட திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். பெல்ட் ஓடும் இடத்தில் செய்வதால் சட்டைக் கை, தலைமுடி எல்லாம் விலகியிருக்க வேண்டும். சத்தம் பம்பிலிருந்துதான். சந்தேகமே இல்லை.

பம்பு சத்தம் போடுகிறது, ஆகவே பம்பு கெட்டுவிட்டது. கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்குப் போய், அதே மாடலிலிருந்து நானே ஒரு பம்பைக் கழற்றி நாற்பத்தைந்து டாலருக்கு வாங்கி வந்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வண்டி வேலை பார்க்க அனுமதி இல்லை. நண்பன் வீட்டு வாசலில், மைனஸ் நான்கு டிகிரியில், கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம். பெல்ட்டைத் தளர்த்தி, அழுத்தக் குழாயைக் கழற்றி, உறிஞ்சு குழாயைக் கழற்றி, இரண்டு போல்ட் எடுத்தால் பம்பு கையில் வந்துவிடும். உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதைத் துணியால் துடைத்து, சுத்தமாக்கி, திரும்ப அதே இடத்தில் உட்கார வைத்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறோம் என்ற திருப்திகூட இருந்தது.

ஸ்டார்ட் செய்தேன். அமைதி. மனைவிக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளி வாசலில் திரும்பும்போது மகள்தான் முதலில் கேட்டாள். "ஊஊஊ."

*

அப்பாவிடம் நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அங்கே சாயங்காலம். மழை பெய்ததா, அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, பேத்தி என்ன சாப்பிட்டாள். வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அடுத்த வாரம் ஒன்று கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவரைக் கூப்பிட்டேன். அங்கே இரவு எட்டரை.

"என்னடா இந்நேரத்துல?" என்றார்.

"சும்மாதான்ப்பா. வண்டில ஒரு சத்தம்."

பதிவு செய்து வைத்திருந்ததை அனுப்பினேன். நான்கு முறை போட்டுக் கேட்டார் என்று நினைக்கிறேன். பின்னால் டிவியைக் குறைக்கச் சொல்லி அம்மாவை அதட்டுவது கேட்டது.

"எண்ணெயப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. அளவு சரியா இருக்கு."

"அளவக் கேக்கல. எண்ணெய் எப்படி இருக்கு? வண்டி ஓடுறப்ப தொறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை. என்ஜின் அணைந்திருக்கும்போதுதான் பார்த்தேன். போனைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய், ஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்தேன். டப்பாவுக்குள் எண்ணெய் ஆற்றின டீ மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது. பொடிப்பொடியான குமிழிகள்.

"நுரை இருக்குப்பா."

"ஏர் இழுக்குதுடா. பம்பு கெட்டுப் போவல. காத்தத் தின்னுட்டுக் கத்துது."

"எங்கயும் லீக் இல்லையேப்பா. கீழ அட்டை வச்சுப் பாத்துட்டேன், ஒரு சொட்டு இல்ல."

அப்பா சிரித்தார். "எப்படிச் சொட்டும்? டீசல் வண்டில டாங்கிக்கும் பம்புக்கும் நடுவுல ஓட்டை இருந்தா சொட்டாதுடா. அங்க உறிஞ்சுற பக்கம்ல. உள்ளேந்து வெளிய வராது, வெளியேந்து உள்ள போவும். வண்டி நடுரோட்டுல நிக்கும், எறங்கிப் பாத்தா லைன் எல்லாம் காஞ்சு சுத்தமா இருக்கும். பம்புக்கு முன்னாடி வாஷர் இருக்கும் பாரு. அத மாத்துனியா?"

நான் பதில் சொல்லவில்லை. துணியால் துடைத்து என் விரலாலேயே திரும்ப உட்கார வைத்த அந்த வளையத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பிறகு படித்துப் புரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். பம்பின் ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் உறிஞ்சல். அழுத்தப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் பீய்ச்சும், எல்லோரும் பார்ப்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில், பம்பு ஓடும்போது, அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே போகும். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உறிஞ்சல் இன்னும் கடினம். காய்ந்து இறுகிய ரப்பரும் குளிரில் இன்னும் விறைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் சத்தம் அதிகம். எண்ணெயோடு கலந்த குமிழிகள் பம்பின் தகடுகளுக்கு நடுவே போய், உயர் அழுத்தத்தில் திடீரென்று நசுங்குகின்றன. காதில் விழும் ஊளை அதுதான். வெகுநாள் விட்டால் நல்ல பம்பும் தேய்ந்து உண்மையிலேயே கெட்டுப்போகும்.

குழாய் அடைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். டப்பாவின் அடியில் இருக்கும் வலை அழுக்கால் மூடிக்கொண்டால், பம்புக்குப் போதிய எண்ணெய் கிடைக்காமல், எண்ணெயே ஆவியாகிக் குமிழியாகும். இது வேறு விஷயம். கப்பல்காரர்கள் இதோடு நிறையப் போராடியிருக்கிறார்கள். சார்ல்ஸ் பார்சன்ஸ் 1894-இல் கட்டிய டர்பீனியா என்ற படகின் விசிறி வேகமாகச் சுழன்றும் படகு எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை, தண்ணீரில் வெற்றுக் குமிழிகள் உண்டானதால். அப்படி ஒரு குமிழி நசுங்கும்போது எவ்வளவு அழுத்தம் உண்டாகும் என்று 1917-இல் ரேலி பிரபு கணக்குப் போட்டார். உலோகத்தைக் குழி விழச் செய்யும் அளவு. என் டப்பாவின் வலை சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குக் காற்றுதான்.

நான் செய்த பிழை எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. எந்த சர்வர் பிழைச்செய்தி அனுப்புகிறதோ அதை மாற்றிவிடுவது. கத்துவது ஓரிடம், கெட்டது அதற்கு முந்தைய இடம். ஜூனியர்களுக்கு இதை நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

*

அப்பா போனை வைக்கவில்லை.

"செவ்வாக்கெழமை," என்றார். "ஆபீஸ் இல்லையா?"

"வீட்லேந்துதான்ப்பா வேலை."

"போன வாரம் புதன்கெழமையும் பாப்பாவ நீதான் ஸ்கூல்லேந்து கூட்டிட்டு வந்திருக்க. அவ சொன்னா."

பார்க்கிங்கில் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன்.

"வேலை போயிருச்சுப்பா. ஒரு மாசம் ஆகப் போவுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கதவு திறந்து மூடியது கேட்டது, வாசலுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

"நீ நாலாவது படிக்கறப்ப," என்றார், "ஒரு ஆக்ஸிடெண்டு ஆச்சு. டிவிஎஸ்காரன் குறுக்க வந்துட்டான். உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என்கொயரி முடியற வரைக்கும் சஸ்பெண்டு. மூணு மாசம்."

எனக்கு அப்படி ஒரு மூன்று மாதமே நினைவில்லை. தினமும் காலை ஐந்தரைக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்புவதுதான் நினைவிருக்கிறது.

"போட்டுக்கிட்டுத்தான் போனேன்," என்றார். "பைபாஸ்ல ஒரு லாரி பட்டறை. அங்க போயி சட்டையக் கழட்டி மாட்டிட்டு எடுபிடி வேலை செஞ்சேன். இந்த ஏர் எடுக்கற வேலையெல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். டிப்போல டிரைவர் கை வைக்க முடியாதுல்ல, அதுக்குத்தான் மெக்கானிக் இருக்கான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீயும் சொல்லாத." பிறகு, "உம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"அப்பச் சரி," என்றார். "நான் பண்ணினது தப்பு. அந்த மூணு மாசம் வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சா எறங்காது. யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

அவர் தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உடனே, "சரி, அந்த வாஷர் அங்க கெடைக்குமா?" என்றார்.

*

கிடைத்தது. இரண்டே முக்கால் டாலர். எண்ணெய்தான் அதைவிட அதிக விலை. சில வண்டிகளுக்கு அதே கம்பெனியின் தனி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கண்டதை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெடும். மூடியிலும் வண்டியோடு வரும் புத்தகத்திலும் எழுதியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

வேலை முப்பது நிமிடம்கூட இல்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட். உறிஞ்சு குழாயை விலக்கினால் வளையம். பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புதியது உருண்டையாக, அழுத்தினால் துள்ளியது. பழையது ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது. நகத்தால் கீறினால் ரப்பர் மாதிரி இல்லை, பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. மடக்கினேன், உடைந்துவிட்டது. முதல் தடவை இதைக் கையில் எடுத்தபோது மடக்கிப் பார்த்திருந்தால் நாற்பத்தைந்து டாலரும் ஒரு நாளும் மிச்சம்.

புதிய வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி உட்கார வைத்தேன். அப்பா வீடியோவில் இருந்தார், அங்கே ராத்திரி பத்தரை. "ஸ்டார்ட் பண்ணாத," என்றார். "மொதல்ல காத்த எடு." முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி வரும், எண்ணெய் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். இருபது தடவை. நண்பன் டப்பாவைப் பார்த்துச் சொல்ல, நான் திருப்ப, அப்பா எண்ணினார். பதினாறாவதுக்குப் பிறகு குமிழி நின்றது. "இருவது சொன்னா இருவது," என்றார்.

வண்டியைக் கீழே இறக்கினேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், என்னவோ தோன்றி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒரு தடவை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். முதுகைச் சீட்டில் அழுத்தி, கால்களை ஊன்றி இழுத்தேன். கால்வாசிதான் திரும்பியது. வலது தோளில் ஒரு நரம்பு சுண்டியது. இது ஸ்டீயரிங் பல் விகிதமே இந்த உதவியை நம்பிச் செய்த வண்டி, அதனால் இவ்வளவு கனம். பேருந்தில் சக்கரம் பெரிது, விகிதம் வேறு, அது ஓடிக்கொண்டும் இருக்கும். கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஐம்பது பேர் நின்றுகொண்டிருக்கும் வண்டியை, டிப்போவுக்குள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒடித்திருப்பார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"என்னடா முக்கற? ஸ்டார்ட் பண்ணு," என்றார் போனிலிருந்து.

ஸ்டார்ட் செய்தேன். இடது, வலது. முழுக்க ஒடித்த நிலையில் பிடித்து வைத்திருக்கக் கூடாது, பம்புக்கு ஆகாது. தொட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சத்தமில்லை. போனைப் பானெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் கழிச்சுப் பாரு," என்றார். "இப்பவே ஆட்டம் போடாத."

*

இரண்டு நாள் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது. வேலை ஐம்பத்து மூன்றாவது நாள் கிடைத்தது. முன்பு வாங்கியதைவிடக் குறைவான சம்பளம். கம்பெனி மனுவைப் போட்டுவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று மனைவி காலண்டரில் இருந்த வட்டத்தை ரப்பரால் அழித்தாள். பென்சில் தடம் இன்னும் லேசாகத் தெரியும்.

மகள் இப்போதும் திருப்பத்தில் "ஊஊஊ" என்கிறாள். வண்டி பாடுவதை நிறுத்திவிட்டது, அவள் நிறுத்தவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பற்றிச் சொல்வதற்கு முன்னால், "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் நன்றாக ஓடுகிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். புது மேனேஜர் எப்படி, எந்த நாள் தூக்கம் வரவில்லை, எதற்காக. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு வாசலில் நடக்கிறார். செருப்புச் சத்தம் கேட்கும். அம்மா உள்ளேயிருந்து "அப்பனும் மவனும் அப்படி என்னதான் பேசுறீங்க?" என்று கேட்டால், "வண்டியப் பத்தி," என்கிறார்.